படியேறும்போது யாராவது பார்த்துவிட்டால்?

கேள்வி: எனக்கு வயது 47. வளைகுடாவில் 14 ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். கருங்கல் பக்கம் ஒரு கிராமம். ஊருக்கு வந்த பிறகு குடி கைமீறிப் போய்விட்டது. ஒரு சிகிச்சை மையத்தில் 24 நாள் இருந்தேன். வீட்டுக்கு வந்து 19 நாள் ஆகிறது, ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. புறப்படும்போது மருத்துவர், "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருங்கள்" என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று, குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டமாம் அது. எங்கே, எப்போது என்று யாரும் சொல்லவில்லை. விசாரித்தால் சர்ச் கட்டடத்தில் நடக்கும் என்கிறார்கள். நாங்கள் இந்துக்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நான் படியேறும்போது யாராவது பார்த்துவிட்டால்? குடித்தால் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதைத் தவறாமல் சாப்பிடுகிறேன். அது போதாதா? அடுத்த மாதம் மைத்துனர் வீட்டுக் கல்யாணம் வருகிறது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

(கடிதத்தின் அடியில் வேறு மையில் இரண்டு வரி: "நான் இவர் மனைவி. மறுபடியும் தொடங்கிவிட்டால் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறதாம். முன்கூட்டியே வாங்கி வைக்கட்டுமா?")

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்துவிடுவோம். குடியை நிறுத்தி 19 நாள் ஆனதாக எழுதுகிறீர்கள். மையத்தில் இருந்த 24 நாளை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே கதவு பூட்டியிருந்தது, அதனால் அது கணக்கில் வராது என்று நினைத்திருப்பீர்கள். அந்த நாட்களில்தான் உங்கள் கை நடுங்கியிருக்கும், தூக்கம் போயிருக்கும், சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். அதையும் தாண்டித்தான் வந்திருக்கிறீர்கள். மொத்தம் 43 நாள். கூட்டத்தில் யாராவது கேட்டால் அதையே சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் மனநல சமூகப் பணியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களை முதல் மூன்று மாதங்களுக்குள் மறுபடியும் நோயாளியாகப் பார்க்க நேர்வதுதான் இந்த வேலையில் என்னை மிகவும் வாட்டும் விஷயம். அவர்களில் பலர் மன உறுதி இல்லாதவர்கள் அல்லர். மையத்தின் வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். "கூட்டத்துக்குப் போங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தொலைபேசி எண்ணையாவது சீட்டில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

உங்களுக்குக் கூட்டத்தின் முகவரி கிடைத்தால் மட்டும் போதாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் இரவு மாடியில் பாட்டில் திறக்கப்படும்போது, "அண்ணாச்சி, எனக்கு இப்போது கஷ்டமாக இருக்கிறது" என்று கூப்பிட்டுச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவரும் குடித்து நிறுத்தியவராக இருக்க வேண்டும். கூட்டத்தைத் தேடச் சொல்வதே அந்த மனிதரைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

ஏ.ஏ. தொடங்கிய கதையே இதுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊர். வில்லியம் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் வியாபார வேலையாக அங்கே வந்து, வந்த வேலை தோற்றுப்போய் ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பாரின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியின் பக்கம் போனார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கைமாறிக் கைமாறிக் கிடைத்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். அவரும் குடியில் மூழ்கிக் கிடந்தவர். கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்த மருத்துவர், இரவு 11 மணி தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதிக்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. இந்தியாவில் 1957இல் மும்பையில் இது தொடங்கியது.

வில்சனுக்கும் அன்று எந்தக் கூட்டத்தின் முகவரியும் தெரியாது. கையில் இருந்தது ஒரு தொலைபேசி மட்டும்தான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதல் அழைப்பு நீங்கள் சிகிச்சை பெற்ற மையத்துக்கு. அங்கே நோயாளிகளிடம் பேசுவதற்கு ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து போவது வழக்கம். உங்களிடமும் வாரம் ஒரு நாள் யாராவது வந்து தன் கதையைச் சொல்லியிருக்கக்கூடும். மையத்தின் ஆலோசகரிடம் அவருடைய எண்ணைக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அந்த எண்ணைக் கொடுப்பதற்காகவே அவர் வந்து போகிறார். இது கைகூடாவிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மாத்திரைக்காகவும் தொடர் பரிசோதனைக்காகவும் எப்படியும் நீங்கள் ஒரு மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். வீட்டில் இருந்தபடியே கேட்க வேண்டுமானால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. இரவில் மனம் தத்தளித்தால் 14416, அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். ஏ.ஏ. அமைப்பின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களின் இணையதளத்திலும் தேடலாம்.

கூட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் இங்கே அச்சிட மாட்டேன். கூடம் மாறும், கிழமை மாறும். பழைய தகவலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி, வரும் வழியிலேயே குடித்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். போகிற அன்று காலையில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே பஸ் ஏறுங்கள்.

தொலைபேசியில் என்ன பேசுவது என்று திகைப்பீர்கள் என்பதால் அதையும் எழுதித் தருகிறேன். "வணக்கம். நான் குடியை நிறுத்தி 43 நாள் ஆகிறது. கருங்கல் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எனக்கு வந்து போக வசதியாகக் கூட்டம் எங்கே நடக்கிறது? பேசுவது தமிழிலா, மலையாளத்திலா? முதல் தடவை வருகிறேன், வாசலில் யாராவது நிற்பார்களா?" இவ்வளவு போதும். பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் நாள் உள்ளே நுழைய முடியாமல் தெருமுனையோடு திரும்பிப் போகிறவர்கள் அதிகம். வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் கால் தானாக நடக்கும்.

இனி, யாராவது பார்த்துவிட்டால் என்ற உங்கள் பயம். இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உறவு, மதில் தாண்டினால் அடுத்த வீடு. தக்கலையில் தும்மினால் திங்கள்சந்தையில் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். ஆனால் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வரன் வீட்டார் விசாரிக்க வந்தால் உங்கள் முக்கில் இருக்கும் டீக்கடையில்தான் முதலில் விசாரிப்பார்கள். நீங்கள் குடித்தது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். உங்களை வீட்டில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரருக்கும் தெரியும். ஊரில் இன்னும் தெரியாமல் இருப்பது நீங்கள் குடியை விட்டுவிட்டது மட்டும்தான். அதைப் பார்த்துவிடப் போகிறார்கள் என்றா பயப்படுகிறீர்கள்?

இதைப் படித்ததும் பயம் தெளிந்துவிடாது என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு நடைமுறை வழி சொல்கிறேன். முதல் சில கூட்டங்களுக்கு உங்கள் ஊரைத் தாண்டிப் போங்கள். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதுவும் பக்கம் என்று தோன்றினால் குழித்துறையில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போகலாம். கேரளத்தில் ஏ.ஏ. குழுக்கள் நிறைய உண்டு. மலையாளத்தில் பேசினாலும் விளவங்கோடு பக்கத்து ஆளான உங்களுக்குப் புரியாமல் போகாது. பழகிய பிறகு பக்கத்துக் கூட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் பஸ்ஸில் போய் வர ஆகும் பணம், நீங்கள் முன்பு டாஸ்மாக்கில் கொடுத்துக்கொண்டிருந்ததில் எத்தனையில் ஒரு பங்கு என்று உங்களுக்கே தெரியும். பயணமே முடியாத வாரங்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் பரவிய அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. ஆனால் முதல் கூட்டம் நேரில்தான் இருக்கட்டும்.

சர்ச் விஷயம். நம் பகுதியில் சாயங்காலம் காலியாக இருக்கும் கூடம் என்றால் சர்ச் கூடமோ பள்ளிக்கூட அறையோதான். அங்கே இடம் கிடைக்கிறது, கூட்டம் நடக்கிறது. அதனால் அது சபைக் கூட்டம் ஆகிவிடாது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் மரபு. வாடகை, தேநீர் போன்ற செலவுகளுக்கு உறுப்பினர்களே விரும்பியதைப் போடுவார்கள், போடாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கடவுள் என்ற சொல் வரும், உண்மை. "நாம் உணர்ந்துகொண்டபடியான கடவுள்" என்றுதான் வரும். நான் போன ஒரு கூட்டத்தில் திருநீறு பூசியவரும், சிலுவை அணிந்தவரும், தொப்பி வைத்தவரும், அய்யாவழிக்காரர் ஒருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரார்த்தனை நேரத்தில் கண்ணைத் திறந்தபடி சும்மா உட்கார்ந்திருந்தவரும் உண்டு. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உள்ளே என்ன நடக்குமோ என்ற கலக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். திறந்த கூட்டத்துக்கு என்னைப் போன்ற வெளியாட்களும் வரலாம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் "இன்று ஒரு நாள்" என்று எழுதிய அட்டை. ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பார். எல்லோரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். பிறகு அவர் தன் கதையைச் சொல்வார். குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. உங்கள் முறை வரும்போது பேச விருப்பம் இல்லையென்றால், "இன்று கேட்க வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

அன்று முதல் தடவையாக ஒருவர் வந்திருந்தார். மீன்பிடித் தொழிலாளி, குடியை நிறுத்தி நான்கைந்து நாள்தான் இருக்கும். கூட்டம் முடிந்ததும் கட்டன் சாயா கொடுத்தார்கள். எங்கள் எல்லோருக்கும் டம்ளர் நிறைய வந்தது. அவருக்கு மட்டும் பாதி டம்ளர். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன், விரல்கள் அப்படி நடுங்கின. நிறைய ஊற்றியிருந்தால் மடியில் சிந்தியிருக்கும், நான்கு பேர் பார்த்திருப்பார்கள். ஊற்றிக் கொடுத்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் குடித்து முடித்ததும் இன்னொரு பாதி ஊற்றினார். இருபது ஆண்டு படிப்பும் அனுபவமும் இருந்தும் எனக்கு அது தோன்றியிருக்காது. அந்தப் பெரியவருக்குத் தோன்றியது, ஏனென்றால் ஒரு காலத்தில் அவர் கையும் அப்படித்தான் நடுங்கியது. அங்கே கேட்டதையும் பார்த்த ஆட்களையும் வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. இந்த ஒன்றை மட்டும் அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மாத்திரை போதாதா என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது டைசல்ஃபிராம் ஆகத்தான் இருக்க வேண்டும், சீட்டில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மது உடலுக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாக மாறும், பிறகு அதுவும் உடைந்து வெளியேறும். இந்த மாத்திரை இரண்டாவது படியை மறித்துவிடுகிறது. மாத்திரை சாப்பிடுபவர் குடித்தால் நச்சு உடலிலேயே தங்கி முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரைகூட இந்த விளைவு நீடிக்கலாம். ஆகவே கல்யாணத்துக்காக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம் என்ற யோசனை மனதின் ஓரத்தில் எட்டிப்பார்த்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, நம் ஊரில் வயிற்று மந்தத்துக்கும் உடல் அசதிக்கும் அரிஷ்டம் வாங்கிக் குடிக்கும் வழக்கம் உண்டு. அரிஷ்டமும் ஆசவமும் நொதிக்க வைத்துச் செய்பவை, அவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. சில இருமல் மருந்துகளிலும் இருக்கிறது. எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மாத்திரை குடிக்கவிடாமல் தடுக்கும். மாலை ஆறு மணிக்கு மனம் கடைத்தெருப் பக்கம் இழுக்கும்போது பேச்சுத் துணைக்கு அது வராது. இரண்டும் வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் குடி போய்விடுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மருத்துவ ஆய்வுகளைச் சலித்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் ஏ.ஏ. பற்றி 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. முற்றிலும் குடிக்காமல் இருக்க உதவுவதில் ஏ.ஏ.யும் அதை ஒட்டிய சிகிச்சை முறையும் மற்ற நல்ல சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் பல சமயம் அவற்றைவிட மேல் என்பதே கிடைத்த முடிவு.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் தினமும் குடித்துக்கொண்டிருப்பவர் யாராவது, நாளைக்கே நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினால், தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து, நினைவு தடுமாறி, காய்ச்சலோடு உயிருக்கு ஆபத்தாகவும் ஆகலாம். அப்படி ஆனால் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பேய் பிடித்திருக்கிறது என்று வேறு எங்கும் கொண்டுபோகாதீர்கள்.

சகோதரி, இனி உங்களுக்கு. அந்தப் பொடியை வாங்காதீர்கள். யார் தந்தாலும், எவ்வளவு விளம்பரம் செய்தாலும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. உங்கள் கணவர் சாப்பிடுகிற அதே மாத்திரையின் தூளாகவும் இருக்கலாம். அப்படியானால் இரட்டிப்பு அளவு உள்ளே போகும். தான் என்ன சாப்பிட்டிருக்கிறோம் என்றே தெரியாமல் அவர் எங்காவது குடித்துவிட்டு விழுந்தால், காப்பாற்ற வரும் மருத்துவருக்கும் காரணம் தெரியாது. பிழைத்து வந்த பிறகு உங்கள் கையால் சோறு சாப்பிட அவருக்கு எத்தனை நாள் ஆகும்?

உங்கள் பயத்தின் ஆழம் எனக்குத் தெரியும். இரவு கேட் சத்தம் கேட்டதும் நடையை வைத்தே குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்கப் பழகியவர் நீங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே அல்-அனான் என்ற குழு இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் தொடங்கப்பட்டது, வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கணவர் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். ஏ.ஏ. கூட்டத்தைப் பற்றி விசாரிக்கும்போதே இதையும் கேளுங்கள். திறந்த கூட்டமாக இருந்தால் முதல் நாள் இருவருமே சேர்ந்து போகலாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூட்டத்துக்கு அழைப்பதுபோல் அழைத்துச் சேர்க்கைப் பணம் கேட்டாலோ, "வண்டி அனுப்புகிறோம், பிடித்து ஏற்றிக்கொள்கிறோம்" என்றாலோ அது ஏ.ஏ. அல்ல. மது அடிமைத்தனத்தால் வரும் மனநலக் குறைபாடும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகிறது. சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் எந்த விதத்திலும் அனுமதிப்பதில்லை.

கடைசியாகக் கல்யாணம். அதற்குள் குறைந்தது இரண்டு கூட்டங்களுக்காவது போய்விடுங்கள். அங்கே பேச்சு மனதுக்குப் பிடித்த ஒருவரிடம் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் என்று, கூடவே இருந்து வழிகாட்டும் பழைய உறுப்பினர் ஒருவரை வைத்துக்கொள்வது பிறகு நடக்கட்டும், இப்போதைக்கு எண் போதும். முந்தின நாள் இரவு போகாதீர்கள். மைத்துனர் கோபித்தால் உங்கள் மனைவி பேசிக்கொள்வார். காலையில் முகூர்த்தத்துக்குப் போய், பந்தியில் முதல் வரிசையில் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு இருவரும் ஒன்றாகக் கிளம்பிவிடுங்கள். யாராவது "ஒன்றே ஒன்று" என்று கையைப் பிடித்தால், "மாத்திரை சாப்பிடுகிறேன், குடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. அப்படியும் மனம் தடுமாறினால் மண்டபத்துக்கு வெளியே வந்து அந்த எண்ணை அழையுங்கள்.

இடையில் சறுக்கிவிட்டால் அதோடு எல்லாம் போயிற்று என்று ஒளிந்துகொள்ள வேண்டாம். மாத்திரை உள்ளே இருப்பதால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உடல் தேறியதும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அங்கே திரும்ப வந்தவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

முதல் கூட்டத்துக்குப் போய் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அங்கே கேட்டதை எழுத வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். வாசலில் யாராவது நின்றார்களா, சாயா கொடுத்தார்களா என்று மட்டும் எழுதுங்கள்.